சேதாரம் தெரியாத மென்பொருள்

2025 செப்டம்பர் 22 முதல், பிறர் சரக்கைக் கூலிக்குச் செய்துகொடுக்கும் ஜாப் வொர்க்குக்கான பொது ஜிஎஸ்டி விகிதம் 12-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. கோவையின் சிறுதொழில் சங்கங்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தது 5, கிடைத்தது 18. லேத் பட்டறைக்காரர்கள் கொதிக்கிறார்கள். ஜவுளி ஜாப் வொர்க்குக்குப் பழைய 5 சதவீதமே நீடிக்கிறது என்பதில் திருப்பூருக்கு நிம்மதி. கணக்கு மென்பொருள் விற்பவர்களோ புதிய விகிதத்தை ஏற்றிக்கொடுத்ததோடு தங்கள் வேலை முடிந்தது என்கிறார்கள். கூலி பில்லுக்கு எத்தனை சதவீதம் என்பதில் இத்தனை பேருக்கு அக்கறை. கூலிக்குக் கொடுத்த சரக்கு இப்போது எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று கேட்கத்தான் ஆளில்லை.

திருப்பூர் பனியன் ஒரே கூரையின் கீழ் தயாராவது அபூர்வம். கம்பெனி வாங்கும் நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணியாகிச் சாயப்பட்டறைக்கும் காம்பாக்டிங்குக்கும் போகிறது. கட்டிங் முடிந்து பிரிண்டிங், எம்பிராய்டரி, பவர் டேபிள் தையல் என்று சுற்றுகிறது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு டிசி, அதாவது டெலிவரி சலான். சரக்கு யாரிடம் இருந்தாலும் சொந்தக்காரர் நூல் வாங்கியவர்தான்.

ஒரு பேச்சுக்கு, 1,000 கிலோ நூல் வெளியே போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிட்டிங்கிலிருந்து 985 கிலோ துணி வருகிறது. சாயம் ஏறித் திரும்பும்போது 925 கிலோ. கட்டிங்கில் 145 கிலோ வேஸ்ட் போக, தலா 150 கிராம் எடையில் 5,200 பீஸ். கிலோவில் கிளம்பிய சரக்கு எண்ணிக்கையாக வீடு திரும்புகிறது. சாயப்பட்டறையில் குறைந்த 60 கிலோ இயல்பான இழப்பா, அல்லது அதில் 20 கிலோ வேறெங்காவது போயிருக்கிறதா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாத மென்பொருளால் உற்பத்தியாளருக்கு என்ன பயன்?

கேள்வி வெறும் சந்தேகப் புத்தியில் எழுவதல்ல. இயல்பான இழப்பைச் சரக்கின் அடக்கவிலையில் சேர்க்கலாம். இயல்பை மீறிய இழப்பை லாப நட்டக் கணக்கில் செலவாகக் காட்ட வேண்டும். இருப்பு மதிப்பீட்டுக்கான கணக்கியல் தரம் 2 சொல்வது இதைத்தான். ஆக, அந்த 60 கிலோவைப் பிரிக்கத் தெரியாதவருக்குத் தன் பனியனின் அடக்கவிலையே தெரியாது.

மென்பொருள்கள் என்ன செய்கின்றன? டாலியில் ஜாப் வொர்க்குக்கென்றே மெட்டீரியல் அவுட், மெட்டீரியல் இன் வவுச்சர்கள் இருக்கின்றன. பிறர் வசமுள்ள நம் சரக்குக்குத் தனி குடோனும் வைக்கலாம். எஸ்ஏபி-யில் 541 என்ற குறியீட்டில் சரக்கு வெளியே போகிறது. முடிந்த பொருள் உள்ளே வரும்போது 543-இல் மூலப்பொருள் தானாகக் கழிகிறது. வினை அந்தத் ‘தானாக’வில்தான் இருக்கிறது. கழிவது உண்மையில் செலவான அளவு அல்ல. பிஓஎம் எனப்படும் மூலப்பொருள் பட்டியலில் ஒருவர் என்றோ எழுதிவைத்த அளவு. யாராவது உட்கார்ந்து திருத்தாதவரை, பட்டறையில் கூடுதலாகக் காணாமல்போன கிலோக்கள் திரையில் ‘ஜாப் வொர்க்கர் வசமுள்ள இருப்பு’ என்று சாவதானமாகக் குந்தியிருக்கும். இஆர்பிநெக்ஸ்ட் இதில் கொஞ்சம் நேர்மையானது: பட்டியல்படி கழிப்பதா, அனுப்பிய சரக்கின்படி கழிப்பதா என்று கேட்டுக்கொள்கிறது. இரண்டும் எடைபோட்டுப் பார்த்த அளவு அல்ல என்பது வேறு விஷயம்.

“வசதி இருக்கிறது, வாடிக்கையாளர்தான் பயன்படுத்துவதில்லை” என்பது விற்பவர்களின் பதில். “சின்னக் கம்பெனிக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது” என்பது ஆடிட்டர்களின் பதில். முன்னது சாக்கு, பின்னது சோம்பேறித்தனம். நகைக்கடையில் அரை கிராம் சேதாரத்துக்கு அரைமணி நேரம் வாதாடும் ஊர் இது. டன் கணக்கில் நூல் கொடுப்பவருக்கு மட்டும் சேதாரக் கணக்கு கட்டுப்படியாகாதாம்!

அரசு இன்னும் ஒரு படி மேலே. ஜாப் வொர்க்குக்கு அனுப்பிய உள்ளீடு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்கிறது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆவது பிரிவு. கெடு சலானுக்குச் சலான் தனித்தனியாக ஓடுகிறது. ஆனால், அதைக் கண்காணிக்க வேண்டிய ஐடிசி-04 படிவமோ, போனதையும் வந்ததையும் ஒன்றுக்கொன்று பொருத்த முடியாவிட்டால் பழைய சலான் எண் கட்டாயமில்லை என்கிறது. இழப்புக்கும் கழிவுக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் போடும் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்க எதுவும் இல்லை. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர் இதை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையும் நிரப்பினால் போதும். ஓராண்டுக் கெடுவுக்கு ஓராண்டு அறிக்கை!

இந்த அலட்சியத்தின் விலை தெரிய வேண்டுமானால் நெட்வொர்க் கருவிகள் விற்கும் அமெரிக்க நிறுவனமான சிஸ்கோவைப் பார்க்க வேண்டும். 2000 வாக்கில் ஒரே நாளில் கணக்கை முடிக்க முடியும் என்று மார்தட்டிய நிறுவனம் அது. உற்பத்தியின் பெரும்பகுதி சொலெக்ட்ரான் போன்ற ஒப்பந்த ஆலைகளில் நடந்தது. தட்டுப்பாட்டுக்குப் பயந்து வாடிக்கையாளர்கள் ஒரே தேவைக்குப் பல இடங்களில் ஆர்டர் கொடுத்தார்கள். ஆர்டரை நம்பி உதிரிபாகங்கள் குவிந்தன. யாரிடம் எவ்வளவு கிடக்கிறது, அதில் எது உண்மைத் தேவை என்பது அந்தப் புகழ்பெற்ற கணினியில் தெரியவில்லை. 2001 ஏப்ரலில் முடிந்த காலாண்டில் சிஸ்கோ நஷ்டமாக எழுதித்தள்ளிய உபரிச் சரக்கின் மதிப்பு 225 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 10,000 கோடி ரூபாய்க்கு மேல். சிலிக்கான் பள்ளத்தாக்கின் செல்லப்பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், அவிநாசி சாலையின் எக்செல் தாளை நம்பி என்ன செய்வது? அதே தாளிலிருந்துதான் மாதாமாதம் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மெண்ட் போகிறது. இல்லாத கிலோவுக்கும் சேர்த்தே கேஷ் கிரெடிட் வரம்பு கிடைக்கிறது.

வழி இல்லாமல் இல்லை. 2023 ஏப்ரல் 1 முதல், பதிவுகளில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்தையும் அழிக்க முடியாதபடி பதிந்துவைக்கும் மென்பொருளைத்தான் நிறுவனங்கள் பயன்படுத்த வேண்டும் என்று கார்ப்பரேட் விவகார அமைச்சகம் கட்டாயமாக்கியது. பதிவை யார், எப்போது மாற்றினார் என்று கேட்க முடிந்த அமைச்சகத்துக்கு, அந்தப் பதிவுக்கு நிகரான சரக்கு இருக்கிறதா என்று கேட்பது பெரிய காரியமல்ல. லாட்வாரியாக எடைபோட்ட அளவு, இயல்பான இழப்பின் வரம்பு, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இருப்பு ஆகிய மூன்றும் இல்லாத மென்பொருளை உற்பத்தியாளர்களுக்கு விற்கத் தடை விதிக்கட்டும். மாநிலம் தாண்டும் ஜாப் வொர்க் சரக்குக்கு மதிப்பு எவ்வளவானாலும் இ-வே பில் கட்டாயம். ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் உதிரிபாகத்தின் விவரம் ஏற்கெனவே அரசின் கையில் இருக்கிறது. அந்த மென்பொருள் பதிவையும் இ-வே பில்லையும் இணைத்துவிட்டால் ஐடிசி-04 தேவையே இல்லை. அதை அடுத்த நிதியாண்டிலேயே ஒழித்துவிடலாம். அதுவரை, அந்தப் படிவத்தைத் தாமதமாகத் தந்தவருக்கு நோட்டீஸ் அனுப்ப வரித்துறைக்குத் தார்மிக உரிமை கிடையாது.