வென்ட் எப்போது, கான் எப்போது?

ஆங்கில கிராமர் என்றதும் அடுத்த தாளுக்கு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு நிமிடம் நின்று படியுங்கள். தமிழ் இதழ் என்பதால் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்.

போன மாதம் பிரேயரில் ஆங்கிலத்தில் பேச என் முறை வந்தது. 'ஐ ஹாவ் வென்ட் டு காஞ்சனகிரி' என்றேன். பின்வரிசையில் ஒரே சிரிப்பு. அதற்குப் பிறகு மூன்று வாரம் இங்கிலீஷ் பீரியடில் நான் வாயே திறக்கவில்லை. இத்தனைக்கும் 'கோ, வென்ட், கான்' எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சிரித்தவனுக்கும் மனப்பாடம்தான். ஆனால் அன்று மதியமே அவன் என்னிடம் 'டிட் யூ ஏட்?' என்று கேட்டான்! (டிட் வந்துவிட்டால் 'ஈட்'தான் வர வேண்டும்.)

அட்டவணையை ராகம் போட்டு ஒப்பித்தால் மட்டும் போதாது என்பதே என் கருத்து. எந்த வடிவம் எங்கே உட்காரும் என்று அந்த ராகம் சொல்வதில்லை.

நம் தமிழையே பாருங்கள். 'போனேன்' என்றால் வாக்கியம் முடிந்துவிடும். அதுதான் 'வென்ட்'. 'போய்' என்று மட்டும் சொன்னால் முடியாது, 'போயிருக்கிறேன்' என்று துணை வேண்டும். அதுதான் 'ஹாவ் கான்'. அப்படியானால் நான் சொன்ன 'ஹாவ் வென்ட்' என்ன? 'போனேனிருக்கிறேன்'! தமிழில் யாராவது அப்படிச் சொல்வோமா? இது புரிந்த அன்றைக்கு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆங்கிலத்தில் மட்டும்தான் ஒழுங்கு இல்லை என்று திட்டவும் முடியாது. செல், சொல், கல் மூன்றும் 'ல்' என்றுதான் முடிகின்றன. ஆனால் சென்றான், சொன்னான், கற்றான் என்று மூன்றும் மூன்று விதம். இதற்கு நாம் அட்டவணையா படித்தோம்? வீட்டில் கேட்டுக் கேட்டு வந்தது.

ஆங்கிலமும் நம் காதில் விழாமல் இல்லை. எங்க அப்பா தோல் கம்பெனியில் வேலை செய்கிறார். தோலை மெஷினில் இரண்டாகப் பிளந்தால் அடிப்பகுதிக்குப் பேர் 'ஸ்பிளிட்'. அந்த வினைக்கு மூன்று வடிவமும் 'ஸ்பிளிட்'டேதான், கட் மாதிரி. ஷூ பெட்டியில் 'மேட் இன் இந்தியா' என்று இருக்கிறதே, அந்த 'மேட்' மூன்றாவது வடிவம். வேலைக்குப் போகிற அண்ணன்கள் பயப்படும் 'ரிட்டன் டெஸ்ட்'டில் உள்ள 'ரிட்டன்' கூட அதுவே.

ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2007-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் இப்படி ஒழுங்கில்லாமல் மாறிய 177 வினைகளை எடுத்துப் பார்த்ததில், இன்றும் அப்படியே இருப்பவை 98. மற்றவை 'எட்' சேர்த்துக்கொண்டு ஒழுங்காகிவிட்டன. 'ஹெல்ப்'புக்குக்கூட ஒரு காலத்தில் 'ஹோல்ப்' என்றுதான் இறந்தகாலம். அதிகம் பேசப்படும் வினைகள்தான் மாறாமல் தங்கியிருக்கின்றன. கோ, கம், ஈட், சீ எல்லாம் தினமும் வாயில் வருபவை. பேசாமல் இவற்றைப் படிக்க வழியே இல்லை.

பேச வேண்டும் என்றால் சிரிப்புக்குப் பயப்படாமல் இருக்க வேண்டுமே! ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'கோ, வென்ட், கான்' என்று ஒப்பிக்கச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியமும் கேளுங்கள். ஐந்து வினை போதும், ஐம்பது வேண்டாம்.

வரும் திங்கட்கிழமை மறுபடியும் என் முறை. காஞ்சனகிரியைப் பற்றியேதான் பேசப் போகிறேன். தப்பு வந்தால் இன்டர்வெல்லில் கூப்பிட்டுச் சொல்லுங்க, திருத்திக்கிறேன்.