வீட்டுப் பாஷையில் ஒரு பாட்டு

ஆரணிக்குப் பட்டுச் சேலை எடுக்கப் போயிருந்தோம். நெசவாளர் வீட்டுக் கூடத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது; பக்கத்தில் கைப்பேசியில் ஒரு பாட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டா அது, பேச்சா என்று முதலில் நமக்குச் சந்தேகம். 'நிழல்கள்' படத்துக்காக 1980-ல் இளையராஜா அமைத்த 'மடை திறந்து' மெட்டு இடையிடையே தலைகாட்ட, ஒருவர் மூச்சு விடாமல் தமிழைப் பொழிந்து தள்ளினார். தெருக்கூத்தில் பழகிய ஆரணிப் பக்கத்தாருக்கு இதில் வியப்பில்லை. கட்டியங்காரன் வாயைத் திறந்தால் இப்படித்தானே!

பாடியவர் மலேசியத் தமிழரான யோகி பி. கோலாலம்பூரில் 'பொயடிக் அம்மோ' என்னும் கோஷ்டியில் ஒருவராக இருந்தவர். 1998-ல் முதல் தொகுப்பை வெளியிட்ட அந்தக் கோஷ்டி பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடிப் பெயர் பெற்றது. தமிழ் அங்கே ஊறுகாய். 2006-ல் யோகி பி அதையே இலைச் சோறாக்கினார். 'நட்சத்ரா' என்று டாக்டர் பர்ன், எம்ஸீ ஜெஸ் இருவரையும் சேர்த்துக்கொண்டு 'வல்லவன்' என்ற தமிழ்த் தொகுப்பைக் கொண்டுவந்தார். (அதே ஆண்டு வந்த சிம்பு படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) சினிமாவின் துணையின்றித் தமிழில் பாட்டு வெளியிடுவது, நம் நாட்டில் மாப்பிள்ளை இல்லாமல் கல்யாணப் பந்தல் போடுவதற்குச் சமம். ஆயினும் பந்தல் நிறைந்தது. மறு ஆண்டே 'பொல்லாதவன்' படத்தில் அவர் குரல் ஒலித்தது.

அமெரிக்காவிலும் இவ்வாறு நடந்ததுண்டு. 'ஸ்டோன் போனீஸ்' கோஷ்டியில் பாடிப் பின்னர் தனியாகவே ஆங்கிலப் பாட்டில் பெரும் புகழ் பெற்ற லிண்டா ரான்ஸ்டாட், 1987-ல் தம் முன்னோரின் மெக்ஸிகோ பாடல்களை ஸ்பானிஷ் மொழியில் பாடினார். 'என் தந்தையின் பாடல்கள்' என்பது அந்தத் தொகுப்பின் பெயருக்குப் பொருள். அந்நாட்டில் மட்டும் 20 லட்சம் பிரதிகள் செலவாயின.

இதையெல்லாம் நாம் விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கையில், ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பாட்டியம்மாள் குறுக்கிட்டார். அவர்கள் சௌராஷ்டிரர், வீட்டில் பேசுவது சௌராஷ்டிர பாஷை.

"எங்க பாஷையிலே யார் பாடுறாங்க, அதைச் சொல்லுங்க" என்றார்.

"டி. எம். சௌந்தரராஜன் உங்களவர்தானே, அம்மா?" என்றோம்.

"அவர் பாடினது தமிழாச்சே!"

நியாயந்தான். தியாகராஜரின் சீடர் வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் ஞாபகத்துக்கு வந்தார். தெலுங்கிலும் ஸம்ஸ்கிருதத்திலும் கீர்த்தனங்கள் இயற்றியதோடு, தம் தாய்மொழியான சௌராஷ்டிரத்திலும் இயற்றியவர். வாலாஜாபேட்டை ஆரணிக்கு அதிகத் தூரமுமில்லை. சொன்னோம்.

"அது சாமி பாட்டு. எம் பேத்தி பாட வேண்டாமா?"

1941-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மகாநாடு கூடியது முதல், 'தமிழில் பாடுங்கள்' என்று வித்வான்களை வற்புறுத்தி வரும் கட்சி நம்முடையது. அந்தக் கட்சிக்காரரின் வாயை ராட்டையருகில் உட்கார்ந்தபடியே பாட்டியம்மாள் அடைத்துவிட்டார். சேலையை மடித்துக் கொடுக்கச் சொன்னோம். பேத்தியோ, அதற்குள் கைப்பேசியை எடுத்து, 'மடை திறந்து' பாட்டை மறுபடி முதலிலிருந்து வைத்துவிட்டாள்.