ஒட்டும் முன் ஒதுக்குக: அணிகளும் நினைவகமும்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022-இல் செயற்பாட்டிற்கு வந்த பரம் பிரவேகா மீக்கணினியின் உச்சத்திறன் 3.3 பெட்டாஃப்ளாப். அத்தகைய இயந்திரம் உள்ள நகரில் நினைவகச் சிக்கனம் பேசுவது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் கணக்கிடுவது மடிக்கணினியில். அங்கே ‘நினைவகம் போதவில்லை’ என்னும் பிழைச்செய்தியே பல ஆய்வுகளின் எல்லையை வரைந்துவிடுகிறது.

10,000 × 10,000 அளவுள்ள இரட்டைத் துல்லிய அணி ஒன்று 800 மெகாபைட் பிடிக்கும். பைத்தானின் நம்பை நூலகத்தில் அத்தகைய இரண்டை இணைத்தால் 1.6 ஜிகாபைட்டில் புதிய அணி உருவாகும். மூல அணிகளும் இருப்பதால் அக்கணத்தில் தேவை 3.2 ஜிகாபைட். இது நூலகத்தின் குறையன்று. நம்பை அணிக்குத் தொடக்க முகவரி ஒன்றே. அதிலிருந்து சீரான தாவல்களிலேயே உறுப்புகள் எட்டப்படும். தனித்தனியே ஒதுக்கப்பட்ட இரண்டு அணிகளைப் பொதுவாக அவ்வாறு விவரிக்க இயலாது.

ஆனால் வரிசையை மாற்றினால் சிக்கல் தீரும். முதலில் பெரிய அணியை ஒதுக்கி, அதன் பகுதிகளில் விடைகளை நேரடியாக நிரப்பலாம். பகுதி என்பது நகலன்று, அதே நினைவகத்தின் மீதான பார்வை மட்டுமே. 8 மெகாபைட் துண்டுகள் நூறை ஒவ்வொன்றாக ஒட்டினால், ஒவ்வொரு முறையும் பழையது முழுவதும் மீண்டும் எழுதப்பட்டு, மொத்தம் ஏறத்தாழ 40 ஜிகாபைட் எழுதப்படும். முன்னரே ஒதுக்கினால் 800 மெகாபைட்டே.

பல வேளைகளில் இணைப்பே தேவையில்லை. பக்கவாட்டில் இணைந்த இரு அணிகளைத் திசையனால் பெருக்குவதும், திசையனை இரண்டாகப் பிரித்துத் தனித்தனியே பெருக்கிக் கூட்டுவதும் ஒன்றே. அணி–திசையன் பெருக்கலை மட்டுமே கேட்கும் மறுசெயல் முறைகளுக்கு இது போதும்.

இதற்கும் விலை உண்டு. பார்வையில் செய்யும் மாற்றம் மூலத்தையும் மாற்றும். அறியாமல் செய்தால் பிழைச்செய்தியின்றியே முடிவுகள் கெடும். மூலத்தைக் காக்க வேண்டிய இடத்தில் நகலெடுப்பதே நேர்மை. தவறு நகலெடுப்பதில் இல்லை. நகலெடுக்கிறோம் என்று அறியாமல் இருப்பதில் உள்ளது.

எண்முறைப் பாடங்கள் பெருக்கல்களையும் கூட்டல்களையும் எண்ணக் கற்பிக்கின்றன. எத்தனை பைட்டுகள் நகர்கின்றன என்ற வினாவும் தேர்வுத்தாளில் இடம்பெற வேண்டும். மீக்கணினியை எட்ட முடியாத கல்லூரி மாணவருக்கு அந்த அறிவே முதல் கருவி.