கேரவன்னா நடிகருங்களுக்கு மட்டும்தானா?

தமிழ்நாட்டுல 'கேரவன்'னு சொன்னா என்ன ஞாபகம் வரும்? ஷூட்டிங் ஸ்பாட்ல ஏசி ஓடிக்கிட்டு நிக்கிற பஸ். உள்ள ஹீரோ, வெளிய நகம் கடிச்சுக்கிட்டு தயாரிப்பாளர். அவ்வளவுதான். காருக்குப் பின்னால கொக்கி மாட்டி இழுத்துட்டுப் போற, ரெண்டு பேர் கால் நீட்டிப் படுக்குற ஒரு குட்டிப் பெட்டி வீடு... அதுக்கு நம்ம ஊர்ல ஒரு பேர்கூட கிடையாது. பேர் இல்லாததால ஆசையும் இல்லன்னு முடிவு பண்ணிட்டாங்க போல.

நேராவே சொல்லிடுதேன் மக்கா. 300 கிலோகூட வராத ஒரு ட்ரெய்லரை, நுரைப் பலகை, பருத்தித் துணி, பசை, பெயின்ட் வச்சு சங்கரன்கோவில்லயே செஞ்சிரலாம். ஒரு நல்ல வெல்டர் இருந்தாப் போதும். தடையா நிக்கிறது தொழில்நுட்பமும் இல்ல, காசும் இல்ல. தனி ஆள் ஒருத்தன் தானே செஞ்ச சின்ன வண்டியை ரோட்டுல ஏத்துறதுக்கு நம்ம விதிகள்ல நேரான வழி இல்லாததுதான் தடை.

2021 பிப்ரவரியில நாமக்கல் பக்கம் பரமத்தி வேலூரைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபுவோட ஆட்டோ வீடு நியூஸ்ல வந்துச்சே, ஞாபகம் இருக்கா? மூணு சக்கர ஆட்டோ மேல, ஆறுக்கு ஆறு, மொத்தம் 36 சதுர அடி. படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் அதுக்குள்ள. செலவு சுமார் ஒரு லட்சம்னு சொன்னாங்க. ஆனந்த் மஹிந்திரா அந்தப் பையனைத் தொடர்பு கொள்ளணும்னு ட்வீட் போட்டார். நாடே "சூப்பர்"னு ஷேர் பண்ணிச்சு. என் கண்ணுல பட்ட அத்தனை பகிர்வுலயும் ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கல: "இதே மாதிரி நானும் ஒண்ணு செஞ்சா, நம்பர் பிளேட் எங்க வாங்குறது?" பாராட்டுறதுல நம்மாட்களை அடிச்சுக்க ஆள் கிடையாது. விதியை மாத்துங்கன்னு கேக்குறதுக்குத்தான் நாக்கு எழும்ப மாட்டேங்குது.

"நம்மூருக்கு இதெல்லாம் எதுக்குல? வெள்ளைக்காரன் சமாச்சாரம்"னு சொல்றவங்க, ஆடித்தபசு அன்னைக்கு ஒரு தடவை எங்க ஊருக்கு வாங்க. கோமதி அம்மன் தவசு முடிச்சு, சங்கரநாராயணரா சாமி காட்சி குடுக்குற நாள். தூத்துக்குடி, விருதுநகர், திருநெல்வேலின்னு எல்லாப் பக்கம் இருந்தும் சனம் வரும். எதுல வருது? டிராக்டர் ட்ரெய்லர்ல, லோடு ஆட்டோவுல, தார்ப்பாய் கட்டுன வேன்ல. ராத்திரி எங்க படுக்குது? அந்த வண்டிக்கு அடியில, ரத வீதித் திண்ணையில, மூடுன கடை வாசல்ல. பாட்டி, பச்சப்புள்ள எல்லாரும்தான். இதுக்குப் பேர் கேம்பிங் இல்லன்னா வேற என்ன? நம்ம தாத்தா காலத்துல கூண்டு வண்டி கட்டிட்டு, உள்ள வைக்கோல் பரப்பி, மேல ஜமுக்காளம் விரிச்சு, அரிசி பருப்போட திருவிழாவுக்குப் போனாங்களே, அது இழுவை வண்டி வீடு இல்லாம வேற என்ன? மாட்டை அவுத்தோம், கூண்டையும் சேத்துத் தூக்கி எறிஞ்சிட்டோம்.

சரி, நுரைக்கு வருவோம்.

'ஃபோம்'னு வாயத் திறந்தாலே சிரிப்பாங்க. 2017 ஏப்ரல்ல வைகை அணையில தண்ணி ஆவியாகாம இருக்க தெர்மாகோல் மிதக்கவிட்டாங்க பாருங்க, அன்னைல இருந்து தமிழ்நாட்டுல அந்தப் பொருளுக்கு மரியாதையே போச்சு :-) ஆனா நான் சொல்றது டிவி பெட்டிக்குள்ள வர்ற, தொட்டா உதிர்ற அந்த வெள்ளைச் சமாச்சாரம் இல்ல. எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன், சுருக்கமா எக்ஸ்.பி.எஸ். மாடியில வெயில் இறங்காம இருக்க தளத்துல போடுற பலகை. கண்ணறைகள் மூடி இருக்கும், தண்ணி குடிக்காது. எட்டுக்கு நாலடி, ரெண்டு இன்ச் கனம் உள்ள ஒரு பலகை அஞ்சு கிலோ வந்தாலே பெருசு. அதே அளவு 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் 30 கிலோவைத் தாண்டும். எட்டடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரத்துல ஒரு பெட்டிக்கு அடி, மேல், நாலு பக்கமும் சேத்து 160 சதுர அடி, அதாவது அஞ்சு பலகை. நுரை மட்டும் 25 கிலோ. துணி, பசை, பெயின்ட், கதவு, ஜன்னல் எல்லாம் போட்டாலும் ஒரு ஆள் எடைதான். மிச்சம் அடியில வர்ற இரும்புச் சட்டம், அச்சு, சக்கரம்.

"நுரை எப்படிய்யா தாங்கும்?" நுரை தாங்க வேண்டாமே! ரெண்டு பக்கமும் ஒட்டுற தோல்தான் தாங்குது. வளையும்போது ஒரு தோல் இழுபடும், இன்னொண்ணு அமுங்கும். நடுவுல இருக்குற நுரைக்கு வேலை, ரெண்டு தோலையும் ஒண்ணுக்கொண்ணு நகரவிடாம தள்ளித் தள்ளி வைக்கிறது. அந்த இடைவெளியை ரெண்டு மடங்கு ஆக்குனா விறைப்பு கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகும். ரெண்டாம் உலகப் போர்ல பறந்த மாஸ்கிட்டோ விமானம் இப்படித்தான்: ரெண்டு மெல்லிய ப்ளைவுட் தோல், நடுவுல பஞ்சு மாதிரி பால்சா மரம். குண்டு போடுற விமானத்துக்கே கொசுன்னு பேர் வச்சான் பாருங்க, அவன் ரசிகன். அவ்வளவு தூரம் எதுக்கு? தூத்துக்குடியில இருந்து மீன் ஏத்திட்டு ஓடுற கூலிங் வண்டியோட பெட்டியும் நுரை நடுவுல வச்ச பேனல்தான். மீன் போகலாம், மனுசன் படுக்கக் கூடாதா?

அமெரிக்காவுல பொழுதுபோக்காளர்கள் இந்த நுரைப் பெட்டி மேல கித்தான் துணியை மரப்பசையில நனைச்சு ஒட்டி, வீட்டு வெளிச்சுவருக்கு அடிக்கிற பெயின்டை நாலு கோட்டு அடிக்கிறாங்க. ஏழையோட ஃபைபர்கிளாஸ்னு அதுக்குச் செல்லப் பேர். அதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பருத்தித் துணிக்கு எங்க ஊர்லயா பஞ்சம்? விசைத்தறி சத்தத்துலயே தூங்கி எந்திரிக்கிற ஊரு இது. அந்தப் பக்கம் ராஜபாளையம் தாண்டி சத்திரப்பட்டி போனா பேண்டேஜ் துணி மலை மலையாக் கிடக்கும்.

நாலுக்கு ரெண்டடியில ஒரு பலகை செஞ்சு பாத்தேன். ரெண்டு பக்கமும் காடாத்துணி, தண்ணி தாங்குற மரப்பசை, மேல பெயின்ட். மூணு கிலோகூட இல்ல. மூணடி இடைவெளியில ரெண்டு ஸ்டூல் மேல வச்சு, 25 கிலோ அரிசிச் சிப்பம் ரெண்டு ஏத்தினேன். லேசா வளைஞ்சது, இறக்குனதும் நிமிர்ந்துச்சு. வெல்டர் அண்ணாச்சி சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "ஏ தம்பி, சட்டம் நான் அடிச்சுத் தாரேன். போலீஸ்காரன் கேட்டா என் பேரச் சொல்லாத, என்னா?" அப்படின்னார். பிரச்சினை எங்க இருக்குன்னு இன்ஜினியரிங் படிக்காத அவருக்கு ஒரே நிமிசத்துல புரிஞ்சு போச்சு.

மோட்டார் வாகனச் சட்டம் 1988 படி, வண்டி இழுக்குற எந்த ட்ரெய்லரும் ஒரு 'வாகனம்'. பதிவு பண்ணாம ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னு பிரிவு 39 சொல்லுது. நியாயம்தான், நான் எதிர்க்கல. இதுல வேடிக்கை என்னன்னா, 2004 நவம்பர் 5-ஆம் தேதி மத்திய அரசு வாகன வகைகளைப் பட்டியல் போட்டு ஒரு அறிவிக்கை விட்டுச்சு. அதுல போக்குவரத்து வாகனம் அல்லாதவைங்கிற தலைப்புக்குக் கீழ 'சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் அல்லது ட்ரெய்லர்'னு தெளிவா ஒரு வரி இருக்கு. ஆக, இப்படி ஒரு ஜந்து உலகத்துல உண்டுன்னு சர்க்காருக்கு இருபது வருசத்துக்கு மேலாத் தெரியும்!

சரின்னு ஒரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துல போய்க் கேட்டேன். அங்க இருந்தவர் நல்ல மனுசன், கோவப்படல.

"ஃபார்ம் 20 நீங்க குடுப்பீங்க. விற்பனைச் சான்று ஃபார்ம் 21 யாரு குடுப்பா?"

"நானே செஞ்சது சார், யாரும் விக்கல."

"சரி. ஃபார்ம் 22, ரோட்டுக்குத் தகுதியானதுன்னு தயாரிப்பாளர் குடுக்கணும்."

"தயாரிப்பாளரும் நான்தான் சார்."

"நீங்க கம்பெனியா?"

எனக்கு நானே வித்து, எனக்கு நானே சான்று குடுத்து, எனக்கு நானே டீ வாங்கிக் குடுக்கணும் போலருக்கு. சாஃப்ட்வேர்ல இதை டெட்லாக்னு சொல்லுவோம். வாகனம்னா அதுக்கு ஒரு தயாரிப்பாளர், ஒரு விற்பனையாளர், ஒரு வாங்குபவர்னு மூணு பேர் இருந்தே ஆகணும்னு அந்தப் படிவங்கள் நினைக்குது. மூணும் ஒரே ஆளா இருந்தா எழுத அதுல இடம் இல்ல.

"பாதுகாப்பு முக்கியம் தம்பி"ன்னு ஒரு கோஷ்டி வரும். வாங்க, அதைத்தான் நானும் பேசணும். ஆடித்தபசுக்கு டிராக்டர் ட்ரெய்லர்ல முப்பது பேர் நின்னுக்கிட்டு வர்றாங்க, அது உங்க கண்ணுக்குத் தெரியாது. ஆள் இல்லாம காலியா இழுத்துட்டுப் போற 300 கிலோ பெட்டி மட்டும் ஆபத்தாத் தெரியுது. ஆபத்து இல்லன்னு நான் சொல்லல. கொக்கி மேல விழுற பாரம் மொத்த எடையில பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் இல்லன்னா பெட்டி பாம்பு மாதிரி ஆடும், காரையும் சேத்து ஆட்டும். பின்விளக்கு, இண்டிகேட்டர், ரிஃப்ளெக்டர், கொக்கி கழண்டா தாங்குற சங்கிலி எல்லாம் கட்டாயம் வேணும். நுரை தீப்பிடிக்கும், அதனால உள்ள அடுப்பு கூடவே கூடாது. 2023 ஆகஸ்ட் 26 விடியக்காலையில மதுரையில நிறுத்தி வச்சிருந்த யாத்திரை ரயில் பெட்டியில, விதியை மீறி உள்ள கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால தீப்பிடிச்சு 9 பேர் செத்தாங்க. யாத்திரை போறவங்க எங்கயாவது சமைக்கத்தான் செய்வாங்க, எங்கயாவது தூங்கத்தான் செய்வாங்க. எப்படிச் செய்யணும்னு ஒரு விதி போட்டுச் சோதிச்சாத்தான் பாதுகாப்பு. விதியே போடாம 'முடியாது'ன்னா, அவன் தார்ப்பாயைக் கட்டிக்கிட்டு அடுப்போடதான் வருவான்.

ஆஸ்திரேலியாவுல சின்ன ட்ரெய்லர் கட்டுறவனுக்குன்னே அரசாங்கம் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டுச்சு. கொக்கி, சங்கிலி, விளக்கு, அகலம், பிரேக் எல்லாம் அதுல இருக்கும். பிரிட்டன்ல தனியாள் செஞ்ச வண்டியைத் தனியாவே சோதிச்சு ஒப்புதல் குடுக்குற ஏற்பாடு உண்டு. அமெரிக்காவுல பல மாநிலத்துல வீட்ல செஞ்ச ட்ரெய்லரைக் கொண்டுபோய்க் காட்டுனா, பாத்துட்டு ஒரு அடையாள எண் குடுத்துருவாங்க. ஐரோப்பாவுல 750 கிலோ வரைக்கும் தனி பிரேக்கே கேக்குறது இல்ல. அந்த ஊர்லயும் ஆட்கள் தப்புத் தப்பாச் செய்வாங்கதான். தப்பைப் பிடிக்க அங்க ஒரு மேஜை இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியா, "இது பணக்காரன் பொழுதுபோக்கு"ங்குற தோழர்களுக்கு. 2021-ல கேரளா கேரவன் டூரிசம் கொள்கை கொண்டுவந்துச்சு. நல்லது. ஆனா அது கம்பெனி கட்டுன பெரிய மோட்டார் வண்டியில, வாடகை குடுத்துத் தங்குற சுற்றுலா. அதுதான் பணக்காரன் சமாச்சாரம். தறிக்காரரும் டெய்லரும் பழைய ஆம்னி வேன்ல மாட்டி குலசேகரன்பட்டினம் தசராவுக்கு இழுத்துட்டுப் போற மாதிரி ஒரு பெட்டியைப் பத்தி நான் பேசுதேன். லாட்ஜ் வாடகை ஏறுற நாள்ல அவருக்குத்தான் அது வேணும்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. 750 கிலோவுக்குக் கீழ, ஒத்தை அச்சு, சொந்த உபயோகம், ஓடும்போது உள்ள ஆள் இருக்கக் கூடாது. இதுக்கு 'சுயமாகத் தயாரித்தது'ன்னு ஒரு கட்டம் உள்ள ஒரு படிவம். மோட்டார் வாகன ஆய்வாளர் ஒரு தடவை எடை போட்டு, விளக்கைப் பாத்து, சங்கிலியை இழுத்துப் பாத்து, சட்டத்துல ஒரு நம்பரைக் குத்திக் குடுக்கட்டும். ஃபீஸ் கட்டுதேன். இன்சூரன்ஸ் போடுதேன். சரியில்லன்னா திருப்பி அனுப்பட்டும், திருத்திட்டு மறுபடியும் கொண்டுவாரேன்.

அதுவரைக்கும் நான் செஞ்ச பலகை மொட்டை மாடியிலதான் கிடக்கு. அம்மா அதுல கூழ்வத்தல் காயப் போடுறாங்க. தண்ணி இறங்கல, வளையல, சூடும் ஏறல, நல்லாருக்குன்னு பக்கத்து வீட்டு அத்தை தனக்கும் ஒண்ணு கேட்டிருக்காங்க.