கடல் காண ஏழைக்கு ஒரு நாள் வேண்டும்

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வருகிறார்கள். பனமலைக் குன்றின் மேல் இராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலில் அழியாது எஞ்சி நிற்கும் ஓவியத்தைக் காணவும் வருகிறார்கள். வரட்டும், கண்டு களிக்கட்டும். நாம் கேட்பது வேறு. பனமலையில் கரும்பு வெட்டுகிறவனும், நாற்று நடுகிறவளும், மல்லாட்டை பிடுங்குகிறவளும் எந்த ஊருக்குப் போய் எதைப் பார்க்கிறார்கள்?

கடல் அறுபது மைலுக்குள்தான் இருக்கிறது. மயிலம் முருகனுக்கே ஆண்டில் ஒரு நாள், மாசி மகத்தன்று, புதுவைக் கடலில் தீர்த்தவாரி உண்டு. வயலில் நிற்கிற மனிதனுக்கு அப்படி ஒரு நாள் உண்டா?

“கடற்கரைக்குப் போவது காசுள்ளவன் பொழுதுபோக்கு, கூலிக்காரனுக்கு அது எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். உழைத்தவனுக்கு ஓய்வு வேண்டும். ஓய்வு என்பது திண்ணையில் சாய்ந்து மறுநாள் வேலைக்கு உடம்பைத் தேற்றிக்கொள்வது மட்டுமல்ல. பெண்டு பிள்ளைகளோடு நாலு இடம் போய், நாலு விஷயம் பார்த்து, சிரித்து வருவதும் ஓய்வுதான். 1948இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 24வது பிரிவு, ஓய்வும் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும் மனிதனின் உரிமை என்று சொல்கிறது. ஆடம்பரம் என்று அது சொல்லவில்லை.

கணக்குப் பார்ப்போம்

பனமலையிலிருந்து செஞ்சிக்கோ விழுப்புரத்துக்கோ வந்து, திண்டிவனம் போய், அங்கே மரக்காணம் பஸ் ஏறவேண்டும். ஒருவழித் தூரம் 90 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். 2018 ஜனவரியில் சாதாரணப் புறநகர் பஸ் கட்டணத்தைக் கிலோமீட்டருக்கு 42 பைசாவிலிருந்து 60 பைசாவாக ஏற்றினார்கள். மாணவரும் பொதுமக்களும் தெருவில் இறங்கிய பிறகு 58 பைசாவாகக் குறைத்தார்கள். அந்தக் கணக்குப்படி தலைக்கு 52 ரூபாய். புருஷன், பெண்சாதி, அரை டிக்கெட்டுக் குழந்தைகள் இருவர் போய்வர 312 ரூபாய். கட்டுச்சோறு வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். கரையில் டீக்கும் குழந்தைகளின் சுண்டலுக்கும் ஏதோ கொஞ்சம்.

இது பெரிய தொகையல்ல என்று ஆபீஸ் உத்தியோகஸ்தர் சொல்லுவார். அவர் கணக்கில் ஒரு வரி விட்டுப்போகிறது. அவர் கடற்கரைக்குப் போகும் நாளில் அவருக்குச் சம்பளம் உண்டு. கூலிக்காரக் குடும்பம் கடற்கரைக்குப் போகும் நாளில் இரண்டு பேரின் கூலி இல்லை. பஸ் செலவைவிடப் பெரிய செலவு அதுதான். சிக்கனமாகச் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று புத்தி சொல்கிறவர்கள் எல்லோரும் இந்தச் செலவை மறந்துவிடுகிறார்கள்.

1948இல் வந்த தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் உழைத்தவனுக்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் லீவு தந்தது. ஆலைத் தொழிலாளி போராடிப் பெற்றது அது. வயல் தொழிலாளிக்கு அந்தச் சட்டம் வரவில்லை. அவனுக்கு வாய்ப்பதெல்லாம் வேலை கிடைக்காத நாள். அதற்கு லீவு என்று பெயரில்லை, பட்டினி என்று பெயர்.

இந்த உரிமை எப்படி வருகிறது என்பதற்கு 1936ஆம் வருஷத்தை நினைத்துப் பார்க்கலாம். அந்த வருஷம் பிரான்ஸ் தேசத்துத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தங்கள் நடத்தி, சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கினார்கள். சர்க்கார் ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடியும் தந்தது. கடலையே பார்த்திராத குடும்பங்கள் அந்தக் கோடையில் கடற்கரைக்குப் போயின. அதே வருஷம் ஜூலை 30ஆம் தேதி, அதே பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரியில், எட்டு மணி நேர வேலை கேட்ட பஞ்சாலைத் தொழிலாளர்களைச் சர்க்கார் படை சுட்டது. 12 பேர் மாண்டார்கள். அந்த ரத்தத்திற்குப் பிறகே அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. ஓய்வு நேரம் எவரும் தானமாகத் தந்ததல்ல.

பாணன் போன பாதை

ஏழை கடற்கரைக்குப் போவது நம் நாட்டுக்குப் புதிதும் அல்ல. திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்தப் பாட்டில் வருகிற பாணன் பரம ஏழை. அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக் கீரையை உப்பில்லாமல் அவித்து, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று கதவை அடைத்துக்கொண்டு உண்கிறாள். அப்படிப்பட்டவனுக்கு எயிற்பட்டினத்துப் பரதவர் குடிசையில் சுட்ட குழல் மீனும் தேறலும் கிடைக்கும் என்று வழி சொல்கிறார் புலவர். காசில்லாதவனுக்குக் கடற்கரை விருந்து வைத்த மண் இது.

இன்றும் அங்கே காண வேண்டியவை நிறைய உண்டு. விடியற்காலையில் போய்ச் சேர்ந்தால் படகுகள் கரையேறுவதையும் மீன் ஏலம் போவதையும் பார்க்கலாம். ஊரை ஒட்டிப் பரந்து கிடக்கும் உப்பளங்களையும், வெயிலில் வெள்ளை வெளேரென்று குவிந்த உப்பையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். உப்பு எப்படி விளைகிறது என்பதைப் புத்தகத்தில் படிப்பதைவிடப் பாத்தியருகில் நின்று பார்ப்பது மேல். பூமீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் மரக்காணம்தான். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதியை 1877–78ஆம் வருஷப் பஞ்சத்தில் பசித்த கூலிகள் தோண்டினார்கள்.

கொஞ்சம் வடக்கே கடப்பாக்கத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் அது துறைமுகம். துணியும் உப்பும் நெய்யும் அங்கிருந்து கப்பலேறின. 1750இல் அது பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று. செஞ்சிக் கோட்டையை அவர்கள் பிடித்ததும் அதே வருஷம்தான். 1760இல் ஆங்கிலேயர் ஆலம்பரையைப் பிடித்து இடித்தார்கள். மறுவருஷம் செஞ்சியும் அவர்கள் வசமாயிற்று. செஞ்சிச் சீமைக்காரன் தன் ஊர்ச் சரித்திரத்தின் மறுபாதியை அங்கே பார்க்கலாம்.

கரையில் இருப்பவரும் நம்மவரே

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. அந்தக் கரை மீனவருக்குத் தொழில் செய்யும் களம். காயும் வலைமேல் நடக்காதீர்கள். கருவாட்டுக்குப் பக்கத்தில் குப்பை போடாதீர்கள். ஆழம் தெரியாமல் அலையில் இறங்காதீர்கள்; எங்கே குளிக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது மீன் விலை ஏறியிருந்தால் விற்கிறவளோடு சண்டை பிடிக்க வேண்டாம். அவள் வீட்டு அடுப்பும் அன்று திண்டாடத்தான் செய்யும்.

பாணன் பருகிய தேறலை நினைத்துக்கொண்டு எவரும் சாராயத்தைத் தேடவும் வேண்டாம். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துப் பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. உழைப்பாளிக்கு நல்ல பொழுதுபோக்கு எதையும் வைக்காத சமுதாயம் இந்த நஞ்சைத்தான் அவன் கையில் கொடுக்கிறது.

கரைக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சென்னையிலிருந்து புதுவை வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர் கண்ணுக்குக் கடலைவிட மதில்களே அதிகம் படுகின்றன. மதிலுக்கு உள்ளே ஒரு இரவுக்குக் கேட்கும் வாடகை, கூலிக்காரனின் பல நாள் கூலி. 1991இல் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, ஜன நெருக்கம் மிகுந்த கிராமப்புறக் கரைகளில் கட்டடம் கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கிற்று. இப்படியே போனால் மீனவன் வலை உலர்த்த இடமிராது. பனமலைக்காரன் கால் நனைக்கவும் இடமிராது. இரண்டு பேரையும் அடைப்பது ஒரே மதில்.

நாம் கேட்பது

பெரிய மாளிகைகளை நாம் கேட்கவில்லை. விவசாயத் தொழிலாளிக்குக் கூலியுடன் வார ஓய்வும், வருஷத்தில் சில நாள் விடுமுறையும் வேண்டும். 2021 மே மாதம் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, பல பெண்கள் கையில் காசில்லாமலே ஊர் எல்லையைத் தாண்டினார்கள். கடல் வரை ஓடிய நெடுந்தூரப் பஸ்களுக்கு அது வரவில்லை. ஞாயிறுதோறும் செஞ்சியிலிருந்து மரக்காணத்துக்குக் குறைந்த கட்டணத்தில் நேர் பஸ் விட்டால் என்ன குறைந்துபோகும்? கரையில் குடிதண்ணீர்க் குழாய், பெண்களுக்குக் கக்கூஸ், நிழலுக்கு ஒரு கொட்டகை, ஏழைகள் ஒரு இரவு தங்கப் பொதுச் சத்திரம் ஆகியவை வேண்டும். கரை முழுவதும் பொதுவாக இருக்கவேண்டும்.

இவை கிடைக்கும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அறுவடை முடிந்ததும் ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து தலைக்கு இவ்வளவு என்று போட்டு, ஒரு வேன் பேசி, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் வாருங்கள். போகிறபோது பிள்ளைகளை மட்டுமல்ல, வயதான தாயையும் அழைத்துப் போங்கள். ஆயுளெல்லாம் சேற்றில் நின்ற அந்தக் கால்களில் ஒரு நாளாவது அலை வந்து மோதட்டும். திரும்பி வந்து மறுநாள் வயலில் இறங்கும்போது, இந்த ஒரு நாளுக்கு நமக்கு ஏன் கூலி இல்லை என்ற கேள்வியை எல்லோரும் சேர்ந்து கேளுங்கள்.