ஆறு டாலர் பெருமை

தூத்துக்குடியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பத்திரிகையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்து முடித்த பிறகுதான் காப்பியைத் தொடுவார். 2024-ஆம் வருஷக் கடைசியில் ஒரு நாள் காலை என்னைக் கண்டதும், "சங்கதி தெரியுமாவே? அமெரிக்காக்காரனுடைய 'மோட்டல் 6'-ஐ நம்ம ஆட்கள் வாங்கிவிட்டார்கள். ஐம்பத்திரண்டரைக் கோடி டாலர்!" என்றார். பெண்ணுக்கு வரன் அமைந்தபோதுகூட அவர் முகத்தில் இத்தனை பூரிப்பை நான் பார்த்ததில்லை.

எனக்குப் பூரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

'மோட்டாரை'யும் 'ஹோட்ட'லையும் ஒட்டிப் பிறந்த சொல் மோட்டல். 1925-இல் கலிபோர்னியாவில் ஸான் லூயி ஒபிஸ்போ என்ற ஊரில் முதன்முதலாக அந்தப் பெயர்ப் பலகை ஏறியது. அதே மாகாணத்தில், ஸாண்டா பார்பராவில், 1962-இல் பெக்கர், கிரீன் என்று இரண்டு கட்டட காண்டிராக்டர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். நிலத்துக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு, துப்புரவுக்கு இவ்வளவு. எல்லாம் போக ஒரு ராத்திரிக்கு எவ்வளவு குறைவாக வாங்கலாம்? ஆறு டாலர் என்று விடை வந்தது. அந்த விடையையே கடைக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். அறையில் ஆடம்பரம் கிடையாது. டெலிவிஷன் பார்க்கவேண்டுமானால் அப்போது காசு போட வேண்டியிருந்தது. வியாபாரிகள்தான், தர்மப் பிரபுக்கள் அல்ல. ஆனாலும் கையில் காசு குறைந்த பிரயாணி ஒருவனை மனத்தில் வைத்துக்கொண்டு கணக்கை ஆரம்பித்தார்களே, அதற்காக அவர்களை எனக்குப் பிடிக்கிறது. இன்று ஆறு டாலருக்கு அங்கே அறை கிடைக்காது என்பது வேறு விஷயம்.

நம் நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் அந்தச் சொல்லுக்கு என்ன கதி நேர்ந்தது, பாருங்கள்! நெடுஞ்சாலையில் பஸ்ஸை நிறுத்தி, "வண்டி பத்து நிமிஷம் நிக்கும்" என்று கண்டக்டர் குரல் கொடுக்கும் சாப்பாட்டுக் கடைக்கு மோட்டல் என்று பெயர். படுக்கை என்ற ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அங்கே கிடைக்கும்.

இதை நண்பரிடம் சொன்னேன். உடனே அவர் சரித்திரத்துக்குத் தாவினார். "நம்மிடம் சத்திரங்கள் இல்லையா? ராணி மங்கம்மாள் கட்டவில்லையா?" என்றார்.

கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயர் சொல்லும் சத்திரம் நிற்கிறது. ராமேசுவரம் போகிற வழியில் தஞ்சை மராட்டிய மன்னர்களும் வரிசையாகக் கட்டினார்கள்: ஒரத்தநாடு, ராஜாமடம், மணமேல்குடி. அந்தச் சத்திரங்களைப் பற்றி சரபோஜி மன்னர் 1801-இல் கம்பெனியாருக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. எந்த ஜாதிப் பிரயாணியாக இருந்தாலும் சோறு உண்டு. நோயில் விழுந்தவருக்கு வைத்தியர் உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் வரலாம் என்று கூவிச் சொல்வார்களாம். வழிப்போக்கர் இறந்துபோனால் ஈமக்கிரியை கூட அவரவர் ஜாதி முறைப்படி நடக்குமாம். ஜாதியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போன இடங்கள் அல்ல அவை. அதை மறைத்துப் பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த நள்ளிரவு மணி என் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது.

சரி, பாட்டன் பெருமை இருக்கட்டும். பேரன் என்ன செய்தான்?

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக வ.உ.சி. துறைமுகத்துக்கு ஒரு ராத்திரி வந்து பாருங்கள். உப்பும் நிலக்கரியும் மரமும் கண்டெய்னரும் ஏற்றிய லாரிகள் சாலையோரம் வரிசையாக நிற்கும். டிரைவர் ஸ்டியரிங்கின் மேல் கவிழ்ந்து கிடப்பார். கிளீனர் லாரிக்கு அடியில் தூளி கட்டிப் படுத்திருப்பார். ஓட்டல்களிலும் லாட்ஜுகளிலும் தங்க வருவோரின் டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிப்பிடமும் வேண்டும் என்று 2023-இல் தமிழ்நாடு அரசு கட்டட விதியைத் திருத்தியது. நல்ல காரியம். ஆனால் உப்பு மூட்டை எந்த ஓட்டலிலும் அறை எடுப்பதில்லையே! அதைக் கொண்டுவருகிற டிரைவருக்கு அந்த விதியால் என்ன பயன்?

முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள். இதே மன்னார்க் கடலின் அக்கரையில், மரிச்சுக்கட்டியில், அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பு வந்துவிட்டால் வெறும் மணல்வெளியில் ஓலையாலே ஒரு நகரம் எழும்பும். இங்கிருந்து போன முக்குளிப்பவர் உட்பட ஆயிரக்கணக்கான பேர் சில வாரங்கள் அங்கே தங்கினார்கள். சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு என்றிருந்தபோது, ஓலையும் கிடைத்தது, ஒழுங்கும் கிடைத்தது. லாரி டிரைவரின் தூக்கத்தில் யாருக்கும் பங்கு இல்லை.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதற்கு நாம் என்ன செய்யமுடியும்?" என்றார்.

அவருக்குச் சாலையோரத்தில் இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. அங்கே கல்யாண மண்டபம் கட்டப் போகிறார், பிளான் தயார். ஒரு மூலையில் பத்துக் கட்டில், நாலு குழாய், இரண்டு கழிப்பிடம் என்று வரையச் சொன்னேன்.

"கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முகம் சுளிப்பார்களே!" என்றார்.