சீதன வீடும் சம்பளச் சிட்டையும்

மட்டக்களப்பு வாவியோரத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கட்டிக் கொடுப்பது வழமை. கல்லடியிலோ ஆரையம்பதியிலோ அந்தச் சீதன வீட்டின் உறுதி அவள் பெயரில் இருக்கும். மாப்பிள்ளை லண்டனில் என்றால் விசாவுக்கு அந்த உறுதி உதவாது. வாடகை வந்தால் கணக்கில் சேரும். விற்றுக் காசாக்கினாலன்றி வீட்டின் விலை சேராது. பிரித்தானியா பெரும்பாலும் பார்ப்பது மாப்பிள்ளையின் சம்பளச் சிட்டையை. 2012இல் ஆண்டுக்கு 18,600 பவுணாக இருந்த வருமான எல்லை, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000. 2025 ஏப்ரலில் வந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண், வாரம் 40 மணித்தியாலம் ஆண்டு முழுக்க உழைத்தாலும் 25,400கூடத் தேறாது. சம்பளமே இல்லாதவர் 88,500 பவுணை ஆறு மாதம் வங்கியில் வைத்துக் காட்டவேண்டும். (கடையில் நிற்கிற பொடியன் எங்கே போவான்?) இங்கே ஆசிரியையாகவோ தாதியாகவோ மனைவி வாங்கும் சம்பளமும் எடுபடாது.

வரிப்பணத்தில் சுமை ஏறக்கூடாது என்கிறது அரசு. நியாயந்தான். ஆனால் அந்த விசாவில் போகிறவர் அரச உதவிப்பணம் பெற ஏற்கெனவே தடை. சுகாதாரக் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 பவுண் முற்பணமாகவே அறவிடுகிறார்கள். எல்லை வைப்பது சட்டபூர்வமானதே என்று 2017இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. பிள்ளைகளின் நலன் சரிவரக் கவனிக்கப்படவில்லை என்றதும் அதே தீர்ப்புத்தான். அமெரிக்கா, வறுமைக்கோட்டின் 125 வீத வருமானம் இல்லாவிட்டால் இன்னொருவர் கூட்டுப் பொறுப்பேற்க இடம் விடுகிறது. கனடா பொதுவாக வாழ்க்கைத்துணைக்கு வருமான எல்லையே வைப்பதில்லை. மூன்று ஆண்டுக்குப் பராமரிப்பேன் என்ற உறுதிமொழி போதும். பிரித்தானியா அவ்வளவு தூரம் வராவிட்டாலும், மனைவியின் உழைப்பையும் பெற்றோரின் பிணையையும் எண்ணிப் பார்க்கட்டும்.